போளிக்குக் கால், புளிக்கு அரை

செங்கல்பட்டு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா திருவேங்கடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சீட்டு. கொளவாய் ஏரிக்கரையில் ஏசுதாஸ் வீட்டில் முந்நூற்று நாலு என்கிற சீட்டாட்டம் நடக்கும். நாலு கை சேர்ந்தால்தான் ஆட்டம்; ஒரு கை குறைந்தால் மற்ற மூவரும் ஆயுசுக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். வாரம் முழுக்க ஆபீசில் மனுஷன் மூச்சு விடுவதே அந்த ஒரு நாளை நம்பித்தான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அதற்கு வேட்டு வந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் காமு சிலேட்டை நீட்டினாள். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று போட்டிருந்தாள்.

"மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீய ரெண்டும் மூணும் அஞ்சு. சரிதானே நைனா?"

அடுப்படியிலிருந்து மனைவி சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள். "நல்லா கீது போ! அரைத் தேங்காயோட இன்னும் கொஞ்சம் சேத்தா, அரைய விடக் கொறஞ்சா பூடும்? தோ பாருங்க, நாளைக்குக் காலைலக்குள்ள கொயந்தைக்குப் பின்னக் கணக்கு புரியணும். இல்லாங்காட்டி சீட்டும் கெடையாது, ஏசுதாசும் கெடையாது."

திருவேங்கடத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருகிட்ட பேசிகினு கீறே? அரை, கால், அரைக்கால், வீசம், முந்திரி வரைக்கும் தூக்கத்துல எயுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்!"

"அப்போ சொல்லிக் குடுங்க. போளி பண்ணிகீறேன். அத்த வச்சே சொல்லிக் குடுங்க."

சீட்டும் போளியும் ஒரே வேளையில் கிடைக்குமென்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு சுடச்சுடப் போளியைத் தட்டில் வைத்துக் கத்தியை ஓங்கினார். ஓங்கிய கை நின்றது. அவர் படித்த பழைய வாய்ப்பாட்டில் அரை உண்டு, கால் உண்டு, முந்நூற்று இருபதில் ஒரு பங்குக்குக்கூட முந்திரி என்று பெயர் உண்டு. மூன்றில் ஒன்றுக்கு மட்டும் பெயரே இல்லை! ஐந்தாம் வகுப்புப் பெண்ணிடம் போய், தெரியாது என்று சொல்வதா?

"மூணுல ஒண்ணுன்னு ஒலகத்துலயே ஒண்ணும் கெடையாது, காமு. நயா பைசா வந்ததுலேர்ந்து இந்த டீச்சருங்க இன்னான்னாவோ கெளப்பறாங்க. மூணு பேருக்குப் பங்கு போடணுமா? நாலா வெட்டு. ஆளுக்குக் கால்."

"இன்னொரு கால் மீந்து கீதே நைனா?"

"அது மிச்சம். மிச்சம் குடும்பத் தலைவனைச் சேரும்."

தன் காலும் மிச்சக் காலும் ஒரே வாயில் போயின. கணக்கு இவ்வளவு தித்திக்கும் என்று அவருக்கே இத்தனை நாள் தெரியாது.

"புரியல நைனா," என்றாள் காமு.

இன்னொரு போளி வந்தது. அப்போதும் புரியவில்லை. பெண் மக்காக இருப்பதில் இப்படி ஒரு சுகமா என்று திருவேங்கடம் வியந்தார். தட்டு காலியான பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

சம்பூர்ணம் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "எத்தப் பங்கு போட்டாலும் இதே கணக்குதானா?"

"போளியா இருந்தா இன்னா, பூமியா இருந்தா இன்னா? கணக்கு ஒண்ணுதான்!" என்று ஏப்பம் விட்டார்.

மறுநாள் காலை சலவை வேட்டியும் வெற்றிலையுமாகப் புறப்பட்டவரை நடையில் ஒரு மூட்டை மறித்தது.

"இன்னாது இது?"

"புளி. மாமல்லபுரத்துலேர்ந்து எங்கண்ணன் வண்டில போட்டு அனுப்சிகீது. வருசத்துக்கும் ஆவும். இன்னிக்கே கொட்டை எடுத்து, நார் உருவி, உப்புப் போட்டு ஜாடில அடைக்கணும். பன்னண்டு மொறம் வரும். காமு, நைனா கணக்குல பங்கு போடும்மா."

காமு மடமடவென்று ஒப்பித்தாள். "ஆளுக்குக் கால். மூணு, மூணு, மூணு. மிச்சம் மூணு மொறம் குடும்பத் தலைவருக்கு. நைனாவுக்கு மொத்தம் ஆறு!"

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. "சார்! மூணு கை வந்தாச்சு!" என்று ஏசுதாசின் குரல்.

திருவேங்கடத்துக்கு வியர்த்தது. ஆறு முறம் புளி ஆய்ந்தால் விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். நாலு என்றால் மத்தியானமாவது ஓடிவிடலாம். மானத்தை விழுங்கினார்.

"இந்தா சம்பூர்ணம்... மூணுல ஒண்ணுன்னு... ஒண்ணு கீது. ஆளுக்கு நாலு."

"அடடே! நேத்து கெடையாதுன்னீங்க? அப்போ கொயந்தைக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் தப்பு. கணக்கு புரியல, சீட்டு கெடையாது. உக்காருங்க. கை புளிய ஆயட்டும், வாய் கணக்கு சொல்லட்டும்."

வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அண்ணாத்த, இன்னிக்கு அவரு வாத்தியாரா பூட்டாரு!"

சைக்கிள் மணி ஏரிப் பக்கம் போய்த் தேய்ந்தது. திருவேங்கடத்துக்கு அழுகையே வந்துவிட்டது. பிசுபிசுத்த விரல்களோடு முறங்களைக் காட்டினார்.

"பன்னண்டுல அரை ஆறு. மூணுல ஒண்ணு நாலு. ரெண்டும் சேத்தா பத்து..."

"பன்னண்டு இன்னாத்துக்கு நைனா? ரெண்டுக்கும் மூணுக்கும் பொது மடங்கு ஆறே போதுமே. அரைக்கு மூணு, மூணுல ஒண்ணுக்கு ரெண்டு. ஆறுல அஞ்சு."

கையிலிருந்த புளி நழுவி விழுந்தது. "ஒனக்கு எப்படி...?"

"டீச்சர் வெள்ளிக்கெயமையே சொல்லிக் குடுத்துட்டாங்க நைனா. அம்மாதான், மூட்டை வந்து எறங்கற வரைக்கும் தெரியாத மாதிரியே இருன்னாங்க."