ஓதக்காரர் வீட்டில் தண்ணீர்த் தடை

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு ஓதக்காரர் தம் வீட்டில் தண்ணீருக்குத் தடை விதித்தார்.

விதித்த கையோடு வேலையிலும் இறங்கிவிட்டார். சமையலறை மேடையிலிருந்த இருபது லிட்டர் கேனை மூச்சு வாங்கத் தூக்கிப் பரணில் ஏற்றினார். ஜக்கை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். நாட்டைக் காப்பாற்றியவர் முகத்தில்கூட அவ்வளவு திருப்தி இருந்திருக்காது.

ஓதக்காரர் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். ஓதம் ஏறிய சுவர்களைக் காயவைப்பது தொழில். பதினான்கு வருட அனுபவத்தை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிடுவார்: சுவர் உப்பினால் உள்ளே தண்ணீர்; அது வரும் வழியை அடை; சுவர் தானாகக் காயும்.

இப்போது உப்பியிருந்தது சுவரல்ல, மனைவியின் வயிறு.

மனைவி பேருந்து ஓட்டுநர். கைக்குழந்தைக்கு ஏழு மாதம். பிரசவ விடுப்பு முடிந்து, வியாழக்கிழமை காலை டிப்போவில் அவளுக்கு ஓட்டிக் காட்டும் சோதனை. சரியாக ஓட்டினால் பழைய வண்டி. இல்லையென்றால் அலுவலகத்தில் ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி. "நாற்காலியில உக்காந்தா நான் துருப்பிடிச்சுப் போயிடுவேன்" என்று அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த நேரம் பார்த்து, பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிலக்கு திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. இடுப்பு கடுத்தது. வயிறு மத்தளமாயிற்று. சீருடைக் கால்சட்டையின் பொத்தானும் துளையும் நான்கு விரல் இடைவெளியில் நின்று, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னங்க, தாகமா இருக்கு. கேன் எங்க?"

"பரண்ல."

"பரண்ல என்ன பண்ணுது?"

"ஓய்வெடுக்குது. ரெண்டு நாளைக்கு உனக்குத் தண்ணி கிடையாது. வாயை நனைச்சுக்கலாம், அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"உப்பியிருக்கில்ல? உள்ள தண்ணி கோத்திருக்குன்னு அர்த்தம். மேல மேல ஊத்தினா எப்படிம்மா காயும்?"

"நான் என்ன கக்கூஸ் சுவரா?"

"சேச்சே! உன்னைப் போய் அப்படிச் சொல்வேனா? நீ ஹால் சுவர்."

சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அவருடைய பயம் வெறும் கிறுக்கல்ல. குழந்தை பிறந்த வாரம் அவள் கால்கள் இப்படித்தான் வீங்கின. "நீர் கோத்திருக்கு" என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது அவர் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு பதினோரு மணி நேரம் அவர் ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓதம். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓதம் ஏறிய சுவரைப் பார்த்தும் அதை என்ன செய்வது என்று அவருக்குத் தோன்றவில்லை. கடைசியில் கதவு திறந்து, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று ஒரு குரல் சொன்னது. சொன்னவள் போன பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. கதவுக்கு நன்றி சொன்னார்.

இதெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. கேனைப் பரணில் ஏற்றத்தான் தெரிந்தது.

அந்த நேரம் எதிர் வீட்டு நர்ஸக்கா, டியூட்டிக்குக் கிளம்பும் முன் குழந்தையைக் கொஞ்ச வந்தார். தடைச் சட்டத்தைக் கேட்டதும் கொஞ்சல் பாதியில் நின்றது.

"தம்பி, தலைகீழா பண்றீங்க. குடிக்கக் குடிக்கத்தான் இறங்கும். தண்ணி வராதுன்னு தெரிஞ்சா உடம்பு பயந்துபோய், இருக்கறதை இறுக்கிப் பிடிச்சு வெச்சுக்கும். அதுவும் பால் குடுக்கறவ!"

"அவ எப்பவுமே அதிகம் குடிக்க மாட்டாக்கா."

"அதான் கோளாறே" என்றாள் மனைவி. "ஆறு வருஷமா வண்டில ஏறினா தண்ணியைத் தொட மாட்டேன். வழியில அவசரம்னா இறங்க இடம் ஏது? அந்தப் பழக்கம் வீட்லயும் ஒட்டிக்கிச்சு."

"நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா குடி. உப்பைக் குறை. வீட்டுக்குள்ளயே நாலு நடை நட. தம்பி, பூட்டறதுன்னா மேடை மேல கிடக்கற அந்தச் சிப்ஸ் பாக்கெட்டைப் பூட்டுங்க. காலு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ டாக்டர்கிட்ட ஓடணும். இது அது இல்ல. மாசா மாசம் எனக்கும் வர்றதுதான்."

"அக்கா, ஊசி உங்க துறை. தண்ணி என் துறை."

நர்ஸக்கா பார்த்த பார்வையில் பரணிலிருந்த கேனே ஒரு தடவை குலுங்கியது. குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

"சரிங்க" என்றாள் மனைவி.

பெண்டாட்டி 'சரி' என்று சொல்லிவிட்டால் விவகாரம் முடிந்தது என்று நம்புகிற கணவன் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். அவர் அப்போது பரண் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஆனா அளந்தீங்களா?"

"எதை?"

"ஈரத்தைத்தான். அளக்காம எந்தச் சுவர்லயும் கை வைக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. சொந்த வீட்டுக்கு மட்டும் குத்துமதிப்பா?"

தொழில் மானத்தில் கை வைத்தால் அவர் தாங்க மாட்டார். பையிலிருந்து ஈரம் பார்க்கும் மீட்டரை எடுத்தார். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். சுவரில் ஒட்டிப் பிடித்தால் எண் காட்டும். ஈரம் அதிகமென்றால் கத்தும். மனைவியின் வயிற்றில் வைத்தார்.

'கீஈஈ!'

"எண்பத்தாறு! பாத்தியா? இருபதுக்கு மேல போனாலே சுவரை உடைக்கணும்!"

"பாத்தேன். உங்களுக்கு எவ்வளவு?"

"எனக்கு எதுக்கு?"

"பக்கத்துச் சுவரையும் பாக்காம வேலை ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்வீங்களே."

சொல்வார்தான். சட்டையைத் தூக்கித் தம் வயிற்றில் வைத்தார். கேன் தூக்கிய வேர்வை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. மீட்டர் முன்னைவிட உரக்கக் கத்தியது. தொண்ணூற்று நான்கு. குழந்தையின் தொப்பையில் வைத்தபோதும் கத்தியது. குழந்தை பதிலுக்குக் கத்தியது.

"ரெண்டு சுவர்ல ஓதம் இருந்தா எதுல முதல்ல வேலை?"

"ரொம்ப ஈரமானதுல."

"அப்போ முதல்ல யாருக்குத் தண்ணி கிடையாது?"

மீட்டரைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். தொண்ணூற்று நான்கு தொண்ணூற்று நான்காகவே இருந்தது.

"எனக்கு" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி.

"என் முறை எப்போ?"

"என் நம்பர் உன் நம்பருக்குக் கீழ இறங்கினதும்."

"அதுவரைக்கும் நான் குடிக்கலாம்?"

"குடிக்கலாம்..."

"அப்போ கேனை இறக்குங்க."

அன்று அவருக்கு ஒரு மாடி வீட்டில் பழைய பூச்சைச் சுரண்டும் வேலை. சுண்ணாம்புத் தூசி தொண்டைக்குள் குடித்தனம் வைத்தது. வீட்டுக்கார அம்மா வெளிப்பக்கம் முத்து முத்தாகக் குளிர் பூத்த டம்ளரை நீட்டினார்.

"வேணாம்மா. நான் காஞ்சிட்டிருக்கேன்."

அந்த அம்மா பயந்து டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

மத்தியானம் மீட்டரை வைத்துப் பார்த்தார்: தொண்ணூற்று நான்கு. மூன்று மணிக்கு: தொண்ணூற்றைந்து. தலை இடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான்கு மணிக்கு வயிறு சிமெண்ட் மூட்டையாகி, பெல்ட்டை ஒரு துளை தளர்த்த வேண்டியதாயிற்று. தளர்த்திய பெல்ட்டை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை, ஆனாலும் உப்பியிருக்கிறது. பதினான்கு வருடத்தில் எந்தச் சுவரும் அவரை இப்படி ஏமாற்றியதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி ஹாலில் நடந்துகொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"எவ்வளவு குடிச்சே?"

"எட்டு டம்ளர் இருக்கும். எட்டு தடவை பாத்ரூமும் போயிட்டு வந்தேன்."

"வயிறு?"

"காலைல மத்தளம். இப்ப தலையணை. நர்ஸக்கா ரெண்டு நாள் ஆகும்னாங்க."

அவர் ஒரு செருப்பைக் கழற்றினார். பிறகு, யாரும் கேட்காமலே, அந்தப் பெஞ்சைப் பற்றிச் சொன்னார். தாழ்ந்த குரலைப் பற்றி, பதினோரு மணி நேரத்தைப் பற்றி. கதவுக்கு நன்றி சொன்னதையும் விடவில்லை.

மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. கால் கொஞ்சம் கனத்தாக்கூட அமுக்கி அமுக்கிப் பாத்துக்கறேன். குழந்தை நல்லா மூச்சு விடுதான்னு மூக்குகிட்ட விரல் வைக்கறேன். யார்கிட்ட சொல்றது? ஆனா காலைல பரண்ல கேன் ஓய்வெடுக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, ஏழு மாசத்துல முதல் தடவையா எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துச்சு."

"சிரிக்கவே இல்லையே நீ?"

"சிரிச்சிருந்தா கேனை இறக்கியிருப்பீங்களா?"

டம்ளரை நீட்டினாள். அவர் நான்கு டம்ளர் குடித்தார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நன்றி. அவளுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. மூன்றாவதைச் சொல்ல எதிர் வீட்டுக்கே போனார். "தண்ணியும் உங்க துறைதான்கா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் முழுக்க அவளுக்கு மணிக்கொரு தரம் டம்ளரோடு போய் நின்றது அவர்தான். சிப்ஸ் பாக்கெட்டை அவரே தின்று தீர்த்து ஆபத்தை அகற்றினார். பொத்தானுக்கும் துளைக்கும் இடையே புதன்கிழமை காலை இரண்டு விரல் இருந்தது. ராத்திரி ஒரு விரல். வியாழக்கிழமை காலை, இழுத்துப் பிடித்த அரை மூச்சில், இரண்டும் சமாதானமாகிக் கைகோத்துக்கொண்டன.

டிப்போ வாசலில் அவர் தோளில் குழந்தையோடும் கக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடும் காத்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்து, அவள் ஓட்டிவந்த வண்டி வாசலருகே முனகி நின்றது. பரிசோதகர் இறங்கித் தலையசைத்துவிட்டுப் போனார். அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"தேறிட்டேங்க! பழைய வண்டி, பழைய ரூட்! இன்னிக்கே எடுக்கச் சொல்லிட்டாங்க!"

அவர் வானத்துக்கு நன்றி சொன்னார். பரிசோதகரின் முதுகுக்குச் சொன்னார். வண்டியின் முன் சக்கரத்தைத் தொட்டு அதற்கும் ஒன்று சொன்னார். பிறகு பாட்டிலை ஜன்னல் வழியே நீட்டினார்.

"எந்த ஷிப்டு?"

"நாளை முதல் காலைல அஞ்சுலேருந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும். எது வேணும்னு கேட்டாங்க, நான்தான் காலையைக் கேட்டு வாங்கினேன்."

"அப்போ குழந்தை?"

"அதையும் கேட்டாங்க. வீட்ல ஒருத்தர் இருக்கார், எனக்கு வயிறு உப்பினாக்கூட ஏணி வெச்சு ஏறிடுவார், அவ்வளவு பொறுப்புன்னு சொன்னேன். உடனே எழுதிக்கிட்டாங்க."

"அது சரி... என் வேலை?"

"மத்தியானத்துக்கு மேலதானே வெயில்ல சுவர் நல்லா காயும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். யோசித்து முடிப்பதற்குள் அவள் முதல் ட்ரிப்புக்கு வண்டியை எடுத்துவிட்டாள்.