பிரேக்குக்கு வண்டி மை

ஒருவன் புலிக்குப் பயப்படுவான், ஒருவன் போலீசுக்குப் பயப்படுவான். நான் என் மாமனாருக்குப் பயந்தேன். அவர் என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடிந்து பேசுகிறவராக இருந்திருந்தால் எப்போது பேசுவார் என்று பார்த்து ஒதுங்கியிருக்கலாம். இவரோ என்னைக் கண்டதும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "வாங்க மாப்ள" என்று எழுந்து நிற்பார். ஆள் ஆறடி உயரம். மீசை அதற்குத் தகுந்தாற்போல. அந்த மரியாதையின் முன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கல்யாணமாகி ஒரு வருஷம் வரை அவரிடம் நான் பேசிய சொற்கள் இரண்டே இரண்டு. ஒன்று 'ஆமாங்க', இன்னொன்று 'சரிங்க'. மற்றதெல்லாம் என் மனைவி வழியாகப் போய், அவள் வழியாகவே திரும்பி வரும். சாப்பிடும்போது இன்னொரு உருண்டை களி வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்பார். வயிறு வெடிக்கிற நிலையில் இருப்பேன். 'சரிங்க' என்பேன். (இப்படியே பத்து ராத்தல் எடை கூடினேன். மாப்பிள்ளைக்கு நம் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று ஊரே சொன்னது.)

அது யுத்த காலம். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது மாமனாரின் தோட்டம். நான் படிப்பை முடித்துவிட்டு, தோட்டத்தை மேற்பார்வை பார்க்கிறேன் என்ற பெயரில் அங்கேயே தங்கியிருந்தேன். என்னை மேற்பார்வை பார்த்தவை எருமைகள். அப்போதுதான் சேலத்தில் ஒரு நூல் மண்டியில் வேலை காலி என்று தெரிந்தது. ஊர் ஊராகப் போய்த் தறிக்காரர்களைப் பார்த்துவிட்டு வரவேண்டும். குடியிருக்கச் சேலத்திலேயே வீடு கொடுப்பார்கள். ஒரே நிபந்தனை, ஆளுக்குச் சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருக்க வேண்டும். இதை என் மனைவியிடம் சொல்லிப் பெருமூச்சு விட்டேன். பெருமூச்சு வழக்கமான பாதையில் மாமனாருக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் மாட்டுக் கொட்டகையில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் நின்றது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய வண்டி. "மாப்ள சேலத்துல உத்தியோகம் பாக்கோணும்" என்று மாமனார் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இனி வேலை கிடைக்காவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்தக் கொட்டகையைத் தாண்டி நடப்பது? மாடுகள்கூட என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்ளும் போலிருந்தது.

வண்டியைக் கொண்டுவந்த மெக்கானிக் அதை ஓட்டவும் நிறுத்தவும் கற்றுக்கொடுத்தான். இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு இரும்பு வளையம் உண்டு. பிரேக்கைப் பிடித்தால் ஒரு கட்டை அந்த வளையத்தைப் போய்க் கவ்வும். "எங்க வேணும்னாலும் எண்ணெய் உடுங்க. இந்தக் கட்டையில மட்டும் ஒரு சொட்டு படக்கூடாதுங்க. பட்டா வண்டி நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னதிலேயே எனக்கு நன்றாக நினைவில் நின்றது இது ஒன்றுதான்.

பழைய வண்டியாகையால், பெயர் மாற்றுவதற்கு முன் சேலத்தில் மோட்டார் இன்ஸ்பெக்டர் பார்த்து, ஓட்டத் தகுதியானது என்று கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்தோடு அன்று சாயங்காலத்துக்குள் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மண்டி முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். கையெழுத்து இல்லாமல் ரோட்டில் ஓட்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் பயந்ததால், மோட்டார் சைக்கிள் மாட்டு வண்டியில் வைக்கோல் மெத்தைமேல் படுத்துக்கொண்டு சேலத்துக்குப் பிரயாணம் செய்தது. மாமனார் வண்டி ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, வழி நெடுக 'ஆமாங்க' சொல்லிக்கொண்டு வந்தேன்.

மைதானத்தில் எங்களுக்கு முன்னால் சிலர் காத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் காக்கி உடுப்பும் தொப்பியுமாக, கையில் பிரம்போடு நின்றார். எங்களுக்கு முன்னால் ஓமலூர்க்காரர் ஒருவருடைய சின்ன மோட்டார் சைக்கிள். இன்ஸ்பெக்டர் அதைச் சுற்றி வந்து பிரம்பால் தட்டித் தட்டிக் குற்றம் சொன்னார். சங்கிலி தொங்குகிறது. விளக்குக் கண்ணாடியில் விரிசல். பின் டயர் வழுக்கை. சக்கரத்தில் கம்பி இரண்டு இல்லை. ஹாரன் அடித்தால் அடிக்கிறவனுக்கே கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் அவர் சொல்லச் சொல்ல நான் எங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். சங்கிலி தொங்கியது, கண்ணாடியில் விரிசல் இருந்தது. ஓமலூர்க்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனபோது, சொந்தக்காரரின் சாவுக்குப் போய்த் திரும்புகிறவர்போல இருந்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்து, வேட்டியில் துடைத்துத் துடைத்து வேட்டி நனைந்துபோயிற்று.

எங்கள் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அது நடந்தது. வண்டியைக் கீழே இறக்கி உருட்டினோம். பிரேக் கட்டை வளையத்தில் லேசாக உரசிக் கிரீச்சென்றது. மாமனாரின் முகம் சுருங்கியது. கத்துகிற சக்கரத்தோடு ஒரு வண்டியை நாலு பேர் முன்னால் நிறுத்துவது அவரைப் பொறுத்தவரை மானக்கேடு. மாட்டு வண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். அதில் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை இருக்கும். அச்சு கத்தினால் எடுத்துப் பூசுவார்கள். அவர் அந்தக் குழாயைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"ஏனுங் மாப்ள, சக்கரம் கத்துதுங்களே. கொஞ்சம் மை போட்டுரட்டுங்களா?"

மெக்கானிக் சொன்னது என் காதில் மறுபடி ஒலித்தது. வேண்டாம் என்று சொல்லவேண்டும். ஒரே ஒரு சொல். அவர் குழாயை ஏந்தியபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் வாய் திறந்தது.

"சரிங்க" என்றேன்.

கோழி இறகால் தொட்டுத் தொட்டு, கட்டை, வளையம், இடுக்கு ஒன்று விடாமல், இரண்டு சக்கரத்துக்கும் மனசாரப் போட்டார். அவர் நகர்ந்ததும் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் நகரவில்லை. வண்டிக்குக் காவலாக அங்கேயே நின்றுகொண்டார். அதற்குள் இன்ஸ்பெக்டர் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

சங்கிலியும் கண்ணாடியும் பரவாயில்லை என்று இன்ஸ்பெக்டர் தாண்டிப் போனார். பிறகு தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்றைக் காட்டி, "அந்தப் புளியமரம் வரைக்கும் போய்த் திரும்பி வேகமா வா. இந்தக் கோட்டுல நிறுத்து. நிக்கலைன்னா வண்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு" என்றார்.

புளியமரம் வரை பயமில்லாமல் போனேன், பிரேக் பிடிக்கத் தேவையில்லாததால். திரும்பினேன். இந்தக் காலத்து வண்டிபோலக் கையை விட்டால் வேகம் குறைகிற வண்டி இல்லை அது. வேகத்துக்கு ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. தள்ளி வைத்த இடத்திலேயே அது நிற்கும். கோடு பக்கத்தில் வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். கட்டை வளையத்தை அன்போடு தடவிக் கொடுத்தது. சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது. சத்தம் மட்டும் சுத்தமாக இல்லை. நெம்புகோலைத் திருப்பவேண்டும் என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு துள்ளி விலகினார். அவருக்குப் பின்னால், மாப்பிள்ளை நிறுத்துகிற அழகைப் பார்ப்பதற்காக என் மாமனார் நின்றுகொண்டிருந்தார். அவர் விலகவில்லை. ஆயுசெல்லாம் காளைகளோடு பழகியவர். மிரண்டு ஓடிவரும் மாட்டின் முன்னால் நின்று நிறுத்தியே பழக்கம். இரண்டு கைகளையும் அகல விரித்து, "ஹோ... ஹோ..." என்றபடி எனக்கு எதிரே வந்தார்.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அந்த நொடியில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவருடைய மார்புதான் தெரிந்தது. இவரைக் கொன்றுவிட்டு எப்படி வீட்டுக்குப் போவேன், என் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் நினைத்தேன். வேலை, கையெழுத்து ஒன்றும் நினைவில் இல்லை.

"வேண்டாமுங்க மாமா, நகருங்க" என்று அலறினேன்.

அவர் அப்படியே அசந்துபோனார். மோட்டார் சைக்கிளைக் கண்டு அல்ல, நான் பேசியதைக் கேட்டு. அந்த ஆச்சரியத்தில் ஓரடி பின்வாங்கினார். அந்த ஓரடிதான் அவரைக் காப்பாற்றியது. ஹாண்டில் அவருடைய துண்டை மட்டும் வாரிக்கொண்டு போயிற்று. நானும் வண்டியும் துண்டும், எங்கள் மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் இறக்கிப் போட்டிருந்த வைக்கோலுக்குள் போய் விழுந்தோம்.

கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தால் அவர் கிடப்பதைப் பார்க்கவேண்டி வருமோ என்று மூடியே வைத்திருந்தேன். தலைக்குமேல் அவருடைய குரல் கேட்டது.

"மாப்ள, உசுரோட இருக்கறீங்களா?"

"ஆமாங்க" என்றேன். வைக்கோலுக்குள்ளேயே அழுதுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்து பிரேக் கட்டையை விரலால் தொட்டார். விரல் கறுத்தது. யார் மை போட்டது என்று கேட்டார். மாமனார் முன்னால் வந்து, "நானுங்க. மாப்ளையக் கேட்டுட்டுத்தானுங்க போட்டேன். சரின்னாருங்க" என்றார். பிரேக்கில் எண்ணெய் படக்கூடாது என்று உனக்குத் தெரியாதா என்று இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். தெரியும் என்றேன். பின்னே ஏன் சொல்லவில்லை என்றார். மாமனாரைக் காட்டி, "மாமாங்க" என்று மட்டும் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த உயரம், அந்த மீசை. பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒருத்தர் இருக்கார்" என்றார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்து வந்தால் ஆபீஸ் மூடுவதற்குள் இன்னொரு முறை பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் வெயிலில் குந்தி உட்கார்ந்து, தன் துண்டாலேயே அந்தக் கட்டைகளைத் துடைத்தார். மண்ணெண்ணெய், சாம்பல், மறுபடி மண்ணெண்ணெய். நானும் எதிரில் உட்கார்ந்து துடைத்தேன். வளையத்தில் கட்டை பழையபடி கிரீச்சிட்டபோது அவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

இரண்டாவது தடவை புளியமரத்தடியில் திரும்பிப் பார்த்தால், மாமனார் சரியாகக் கோட்டின்மேல் நிற்கிறார். "இந்தத் தடவ மாப்ள நிறுத்திப் போடுவாருங்க. நான் இங்கயே நிக்கறனுங்க" என்று அவர் இன்ஸ்பெக்டரிடம் உரக்கச் சொல்வது மரம் வரை கேட்டது. மை போட்டதற்கு அவரே தனக்கு விதித்துக்கொண்ட தண்டனை அது. நான் வண்டியை நிறுத்தி, இறங்கி, அவரிடம் நடந்தேன். அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றுதான்.

"வேண்டாமுங்க மாமா. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"இத அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே மாப்ள" என்றார். தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

மறுபடி மரத்தடிக்குப் போய் ஓட்டி வந்தேன். வண்டி கோட்டில் கிரீச்சென்று நின்றது. அதைவிட இனிமையான ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கையெழுத்தோடு மண்டிக்கு ஓடினேன். வேலை கிடைத்தது, வீடும் கிடைத்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நான் எதற்காவது 'சரிங்க' என்றால் மாமனார் விடமாட்டார். "ஏனுங் மாப்ள, இது நெசச் சரிங்களா, பிரேக்குச் சரிங்களா?" என்று கேட்பார். பயத்தில் சொல்கிற சரிக்குப் பிரேக்குச் சரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெண்டு பிள்ளைகள் எல்லாரும் சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்கினார்கள். நானும் சிரித்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து என் மூத்த பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. பெரிய இடம். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, சம்மதமா என்று நான்தான் அவளைக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்தபடி, "சரிங்கப்பா" என்றாள். எனக்குச் சந்தோஷம். நிச்சயம் செய்ய வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தேன்.

மூலையில் கட்டிலில் படுத்திருந்த மாமனார் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். மீசை வெளுத்துவிட்டது, குரல் மட்டும் அதே குரல். பேத்தியைப் பார்த்துக் கேட்டார்.

"சாமி, இது நெசச் சரிங்களா, பிரேக்குச் சரிங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பிரேக்குச் சரிங்க தாத்தா" என்றாள்.

நான் தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.