பாட்டைக் குடிக்கும் சுவர்

"தேங்காய்த் தும்பு சரிவராது அண்ணை. அது சத்தத்தைக் குடிக்கும்தான். ஆனால் இவ்வளவு மெல்லிசா அடிச்சால் எவ்வளவைக் குடிக்கும்?"

மேசன் பிரதீபன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னதும் அமிர்தநாயகத்துக்குத் தலை சுற்றியது.

தோட்டவெளிக் கிராமத்தில் ஏதோ ஒரு நிறுவனம் கட்டிக்கொடுத்த இரட்டை வீடு அது. நடுவில் ஒரே ஒரு கல்சுவர். இந்தப் பக்கம், சண்டை முடிந்து வன்னியில் இருந்து தனி ஆளாகத் திரும்பி வந்த அமிர்தநாயகம். அந்தப் பக்கம், இருபது வருசம் தமிழ்நாட்டு அகதி முகாமில் கிடந்துவிட்டு வந்த கனகசிங்கமும் மனைவி யசோதாவும். கனகசிங்கம் தங்கமான மனிதர்தான். ஆனால் அவரிடம் ஒரு றேடியோ இருந்தது. வினையே அதுதான்.

பகலில் அந்த றேடியோ மூச்சு விடாது. ஊரெல்லாம் படுத்த பிறகு திடீரென்று தொண்டை கிழியப் பாடத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கும். விடியப்புறம் இன்னொரு தடவை. அமிர்தநாயகம் வேர்த்து விறுவிறுத்து எழும்பிக் கனகசிங்கத்தின் பரம்பரையையே திட்டித் தீர்ப்பார்.

நித்திரை கெட்டவருக்குக் கடலில் கண் சொருகுமா இல்லையா? போன கிழமை கீரிக் கடலில் மீன்பிடிக்கப் போனபோது தோணியில் இருந்து தலைகீழாக விழப் பார்த்தார். "இன்னொருக்கா இப்பிடி நடந்தால் நீங்கள் கரையிலையே நில்லுங்கோ" என்று தோணிக்காரச் சம்மாட்டி சிங்கராசா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பிழைப்பே போகிற நிலை.

நேரே போய்க் கனகசிங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனிதர் செய்கிற வேலை அதுதான். இவரோ சுவரோடு மல்லுக்கட்டப் போனார்.

முதலில் பழைய வலையை மடித்து மடித்துச் சுவரில் தொங்கவிட்டார். பாட்டு ஓட்டைக்குள்ளால் ஓடி வந்தது. மீன் மணத்துக்கு ஒழுங்கையில் திரிகிற பூனைகளும் வந்து சேர்ந்து பாட்டுக்கு ஒத்து ஊதின. வலையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தும்புச் சாக்கு அடித்தார். உடம்பெல்லாம் கடித்தது. காலையில் எழும்பினால் தொண்டை கரகரத்துக் குரலே வராது. 'பாழாய்ப்போன தும்புத் தூசி' என்று மல்லித் தண்ணி குடித்தார்.

"அப்ப என்னதான் செய்யிறது?" என்று இப்போது பிரதீபனைக் கேட்டார்.

"வெறுஞ் சுவரும் தகரமும் சத்தத்தைப் பந்து மாதிரித் திருப்பி எறியும் அண்ணை. துணி, தும்பு கொஞ்சம் குடிக்கும். சுவர் தாண்டி வாறதை மறிக்க வேணுமெண்டால் பாரமான சாமான் வேணும். மண்தான் சரி."

"மண் மூடையோ? அட, அதை முதலே சொல்லியிருக்கலாமே! செல்குண்டு அடிக்கேக்கையே அதுக்குப் பின்னாலை இருந்தனான்."

சாக்குச் சாக்காய் மண் நிரப்பிச் சுவர் மறையும்வரை அடுக்கினார். ஜன்னலையும் விடவில்லை. கட்டிலுக்கு இடம் போதாமல் மூடைகளுக்கு நடுவே பாயை விரித்தார். காற்றில்லை, வெளிச்சமில்லை. சண்டைக்காலத்தில் பதுங்கிய பங்கருக்குள் படுத்த மாதிரியே இருந்தது.

அவ்வளவுதான். இரவில் ஒருக்கா இரண்டு தரம் பாடிய றேடியோ, அன்று தொடக்கம் நிறுத்தாமல் பாடத் தொடங்கியது. அதுவும் முழுச் சத்தத்தில்!

பிரதீபன் மறுபடி வந்து மேலே பார்த்தான். "மூடையிலை பிழையில்லை அண்ணை. கூரைக்கும் சுவருக்கும் நடுவிலை திறந்து கிடக்கு. சத்தம் அதாலைதான் போய் வருது."

அமிர்தநாயகத்துக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறென்று பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

"கனகசிங்கம், உமக்கு என்னோடை என்ன கோவம்?"

"ஐயோ, ஒரு கோவமும் இல்லை அண்ணை. உள்ளுக்கு வாங்கோ."

"அப்ப ஏன் சாமத்திலை பாட்டு?"

கனகசிங்கம் யசோதாவைப் பார்த்தார். யசோதா அடுப்பைப் பார்த்தாள்.

"அது... முகாமிலை பழகின பழக்கம் அண்ணை. அங்கை அறைக்கு அறை சீலைதான் மறைப்பு. றேடியோ போடாமல் இருக்கேலாது."

"இஞ்ச கல்சுவர் இருக்கு. என்ரை மண் மூடையும் இருக்கு. இனி ஒரு சத்தம் கேட்டால் பொலிசுக்குப் போவன், சொல்லிப்போட்டன்!"

கனகசிங்கம் உள்ளே போய் றேடியோவைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. ஆனால்..."

"ஆனாலும் இல்லை, கீனாலும் இல்லை!"

யசோதா கண்ணைத் துடைத்தாள். அடுப்புப் புகையாக்கும் என்று நினைத்துக்கொண்டு அமிர்தநாயகம் றேடியோவோடு திரும்பினார்.

அன்றிரவு ஒரு பாட்டும் இல்லை. விடியும்வரை அடித்துப்போட்டது போல் கிடந்தார். ஆனால் எழும்பிய பிறகு மனசு சரியில்லை. தனியாளாய் வந்து இறங்கிய நாளில் முதல் சோறு தந்தது யசோதாதானே. அந்தப் பிள்ளையின் முன்னால் பொலிசு அது இது என்று கத்தியிருக்க வேண்டாம். வெட்கமாக இருந்தது. 'பகலிலை போடுங்கோ எண்டு சொல்லித் திருப்பிக் குடுப்பம்' என்று றேடியோவைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார்.

ஒழுங்கையில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் தலையைக் குனிந்தார்கள். ஊரே கனகசிங்கத்தின் பக்கம் நிற்கிறது என்று நினைத்து அவர் இன்னும் கூனிக் குறுகிப் போனார்.

முன்வீட்டுச் சந்தனம் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கனகசிங்கத்தின் முகாமிலேயே இருந்தவள். அவளுடைய கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஏசப்போறீர் போலை," என்றார் அமிர்தநாயகம் கரகரத்த குரலில். "ஏசும். நான் செய்தது பிழைதான்."

"இல்லை அண்ணை... மில்ரன் உங்கட மகனோ? 'மில்ரன், பங்கருக்கை இறங்கடா மகன், இறங்கடா' எண்டு ராத்திரி நீங்கள் நித்திரையிலை கத்திக் கத்தி அழுதது ஒழுங்கை முழுக்கக் கேட்டுது. இது ஒருத்தற்றை காதிலையும் விழக்கூடாதெண்டுதானே அண்ணை, அந்த மனிசன் இவ்வளவு நாளும் பாட்டுப் போட்டது!"