கஸ்ரிக் அண்ணைக்குச் சிரப் கேட்காத நாள்

கொழும்பில் நெஞ்செரிவே இல்லாத மனிதன் ஒருவன் இருக்கக்கூடும் என்பதை இன்றுவரை நம்ப மறுப்பவர் எங்கள் கஸ்ரிக் அண்ணை.

பம்பலப்பிட்டியில், காலி வீதியோரம் நான்காம் மாடியில் இருக்கிறது எங்கள் கப்பல் முகவர் அலுவலகம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோரும் என் பெயரைக் கேட்டார்கள். கணக்குப் பிரிவில் இருந்த அண்ணை மட்டும், "தம்பி, சாப்பிட்டாப் பிறகு புளிச்ச ஏவறை வாறதோ?" என்று கேட்டார். ஏப்பமெல்லாம் வருவதில்லை என்றேன்.

"வரும்" என்று ஆறுதல் சொன்னார்.

அவருடைய மேசை இழுப்பறையில் காகிதம் எதுவும் இருக்காது. வெள்ளைச் சிரப், ஃபமோட்டிடின், ஒமிப்ரசோல் என்று மூன்று நெஞ்செரிவு மருந்துகள்தான் இருக்கும். மற்றவர்கள் கிரிக்கெட் வீரர்களை ஒப்பிடுவதுபோல அவர் இவற்றை ஒப்பிடுவார்.

"சிரப் எண்டது பக்கத்து வீட்டுச் சொந்தம், தம்பி. கூப்பிட்ட உடன ஓடி வரும். ஆனா நிக்காது. ஃபமோட்டிடின் மட்டக்களப்பில இருந்து வாற மச்சான். வந்து சேரக் கொஞ்சம் சுணங்கும், வந்தா இரவு தங்கித்தான் போகும். ஒமிப்ரசோல் சம்பந்தி! சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தியே அழைக்கோணும், பிந்தினாக் கோவம். மனம் இளக ரெண்டு மூண்டு நாள் செல்லும். அதுக்குப் பிறகு வயித்தில ஒரு சத்தம் இருக்காது!"

பேச்சோடு நிற்பவருமல்ல. வெள்ளவத்தையில் எந்தக் கடையில் உறைப்பு அதிகம் என்று விசாரித்துப் போய், கொத்துரொட்டியும் கட்டைச்சம்பலும் தின்றுவிட்டு, எந்த மருந்து எப்போது கேட்கிறது என்று நெஞ்சில் கைவைத்தபடி காத்திருப்பார். மறுநாள் பார்மசிக்காரர் இவரைத் தூரத்தில் கண்டதுமே, "அய்யே, ஆயெத் ஆவத?" என்பார். திரும்பவும் வந்துவிட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்கும் அந்தக் குரலில் வியாபாரியின் மகிழ்ச்சி துளியும் இருக்காது.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த இயக்குநர், கூட்டத்தின் நடுவே மெல்ல ஏப்பம் விட்டார். நாங்கள் எல்லோரும் ஏசியைப் பார்த்தோம். அண்ணை எழுந்து நின்று, "சேர், பிஃபோர் மீல்ஸா, ஆஃப்டர் மீல்ஸா?" என்றார். "ஆஃப்டர்" என்று இயக்குநர் பரிதாபமாகச் சொன்னார். வருடாந்த அறிக்கை அப்படியே கிடக்க, மத்தியானம்வரை இருவரும் மூலையில் இருந்து கதைத்தார்கள்.

பிறகு லிஃப்ட் பழுதான ஒரு காலை. அண்ணை நான்கு மாடியும் ஏறி வந்து, கதிரையில் விழுந்தார். சட்டை நனைந்திருந்தது.

"அண்ணை, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு" என்றேன்.

"அசிட் தம்பி. நேற்றுக் கணவாய்க் கறி" என்றவர், சிரப்பை எடுத்து அப்படியே குடித்தார். கொஞ்ச நேரம் போனது. இடது தோளைத் தடவத் தொடங்கினார்.

வரவேற்பு மேசையில் இருந்த மாலதி அக்கா எழுந்து வந்தார். "சிரப் உடன கேக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"கேட்டதோ?"

அண்ணை சிரப் போத்தலைத் தூக்கி, எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார்.

"அப்ப இது அசிட் இல்லை. எழும்புங்கோ!"

நடக்கவிடாமல் கதிரையோடு தூக்கி இறக்கினோம். ஓட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஃபமோட்டிடின் ஒண்டு போட்டுப் பாத்திருக்கலாம்" என்று முனகினார். கை ஐஸ் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாரடைப்பு. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். அடைத்திருந்த குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

வீடு திரும்பிய அன்று அண்ணையிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு குதூகலம். "தம்பி! நெஞ்சுக் குளிசை வயித்தைப் புண்ணாக்காமல் இருக்க டொக்டர் என்ன தந்திருக்கிறா தெரியுமோ? பன்ரொப்ரசோல்! ஒமிப்ரசோலின்ர ஒண்டுவிட்ட தம்பி! அப்ப நான் சொன்னது சரிதானே?"

"சரி அண்ணை" என்றேன்.

இப்போது அவர் திரும்ப வேலைக்கு வருகிறார். எங்கள் லிஃப்டைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. அது நிற்கிற நாட்களில், அண்ணையோடு படியேறும்போது, ஒவ்வொரு மாடியிலும் எனக்கு அவசரமாக ஒரு போன் வரும். படியில் நின்று எடுப்பேன். அண்ணை கைப்பிடியில் சாய்ந்துகொள்வார். அவருக்கு மூச்சு ஆறும்வரை, மறுமுனையில் யாருமே இல்லாத அந்தப் போனில் நான் கதைத்துக்கொண்டே நிற்பேன்.