தடயப் பித்தர்

தேடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிற ஓர் இனம் உலகில் உண்டு. தடயப் பித்தர் என்பேன். வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே, வந்தவர் கடன் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அடித்துச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியுமல்லவா? அவரேதான். கொஞ்சம் படித்துவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுவார்.

அப்படி வந்தவருக்குச் சேற்றார் என்று பட்டப்பெயர். நுண்ணுயிர்கள் செத்த பின்னும் ஏரிச் சேற்றில் அவற்றின் கொழுப்பு மிஞ்சியிருக்கும். அதைப் பிரித்தெடுத்து, அங்கே வாழ்ந்தது எது என்று சொல்வது அவர் தொழில். கையுறை மட்டும் ஆகாது. நெற்றி வேர்வையை விரலால் வழிப்பார், மூக்கைத் தேய்ப்பார், அதே விரலைக் குப்பிக்குள் விடுவார்.

ஒருநாள் கொழுப்பு வகைக்கு ஒரு முகடாகக் கருவி வரைந்த கோட்டில் புதிதாக ஒரு முகடு எழுந்தது. "இதுவரைக்கும் யாருமே பாக்காத உயிர்!" என்று குதித்தார். சாயங்காலத்துக்குள் இயக்குநருக்குச் சொல்லி, சம்பந்திக்குச் சொல்லி, பத்திரிகைக்காரர்களுக்கு நாள் குறித்து, அந்த உயிருக்குத் தம் பெயரையே சூட்டியும் ஆயிற்று.

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் இரண்டாவது பெயர், கூட வேலை பார்க்கும் ஆய்வாளர் அம்மாவுடையது.

"சார், சேறு போடாம வெறும் குப்பிய மெஷின்ல ரன் பண்ணிப் பாத்தீங்களா?"

"ஒண்ணுமில்லாத குப்பியில என்னம்மா இருக்கும்?"

அவர் தொட்டு வைத்த வெறும் குப்பி ஒன்றை அந்த அம்மாவே ஓட்டிப் பார்த்தார். அதே முகடு. இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தார்.

"இது தோல்ல ஊறுற எண்ணெய், சார். நீங்க கண்டுபிடிச்சது உங்க நெத்திய."

சேற்றார் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார். பிசுபிசுத்தது. அந்தக் கணம் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய? சம்பந்திக்குச் சொல்லியாயிற்றே!

"ஏம்மா, வெறும் குப்பியிலயும் இருக்குன்னா என்ன அர்த்தம்? அது சாகல! இந்த ரூம்லயே சுத்திக்கிட்டு இருக்கு!"

"அப்ப என் பேர எடுத்துடுங்க சார்."

எடுத்தார். பொறாமை என்று ஊரெல்லாம் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் கூட்டத்தில் கைதட்டல் பலமாகவே இருந்தது. கட்டுரைதான் ஆய்விதழுக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தது, திருப்பியவர்களுக்கும் பொறாமையாம். ஆய்வாளர் அம்மா இப்போது வேறு கூடத்தில், வேறு சேற்றில், நிம்மதியாக இருக்கிறார்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு மச்சானோ மேலதிகாரியோ நினைவுக்கு வந்து சிரிப்பு முட்டியிருக்கும். நல்லது. அவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். அவருக்கு யார் நினைவுக்கு வந்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.