நான்காம் மாதிரி: பொறுப்பு சின்னதுரை

அன்புள்ள மைத்துனர், அறிவியல் ஆசிரியர் எபினேசர் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கள் அக்காவும் மகள் ஷைனியும் நலம். திருவள்ளூரில் உங்கள் பயிற்சியும் மதியச் சாப்பாடும் குறைவில்லாமல் நடக்கும் என்று நம்புகிறேன். நேரில் நீ, வா, போ என்று பேசுகிறவன்தான். கடிதம் என்பதால் மரியாதை. போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததுமே "கிளாஸ்ல கீறேன் மாமா" என்கிறீர்கள்.

விஷயம் இதுதான். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப் போனீர்கள். நல்ல காரியம். அணைக்கட்டுக்கு மேலே ஒரு பாட்டில், பாலத்தடியில் ஒரு பாட்டில், தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் கால்வாய் ஆற்றில் கலக்கிற இடத்தில் ஒரு பாட்டில் என்று தண்ணீர் பிடித்தீர்கள். கல்லைப் புரட்டி, அடியில் இருக்கும் பூச்சிகளைத் தட்டில் போட்டு எண்ணச் சொன்னீர்கள். தும்பியின் குஞ்சு இருந்தால் தண்ணீர் பிழைத்துக்கொள்ளும், சிவப்புப் புழு மட்டும் இருந்தால் தண்ணீருக்கு உடம்பு சரியில்லை என்று கற்றுக்கொடுத்தீர்கள். இதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஊர்க் குழாயிலிருந்தும் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னீர்களே, அங்கேதான் என் குடும்பத்தில் கை வைத்தீர்கள்.

அந்தக் குழாய்க்குத் தண்ணீர் விடும் டேங்க் ஆபரேட்டர் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஷைனி பிடித்த பாட்டிலில் ஒரு சிவப்புப் புழு இருந்தது. ஒன்றே ஒன்று. கீழே கொட்டிவிட்டு வேறு பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. நீங்கள் எழுதச் சொன்ன பெரிய அட்டையில் 'பொறுப்பு யார்' என்று ஒரு கட்டம் வைத்தீர்களாம். அதில் என் பெயரை இனிஷியலோடு எழுதிவிட்டாள். பிள்ளையின் கையெழுத்து அழகு என்று நீங்களே பாராட்டியிருக்கிறீர்கள். எதிர்வீட்டுக் கங்கம்மா சாலைக்கு அந்தப் பக்கம் நின்று, கண்ணாடி போடாமலே படித்துவிட்டாள். நீங்கள் அட்டையைப் பள்ளிக்கூட கேட்டில் மாட்டிவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

மறுநாள் காலையில் குடங்களோடு பெண்கள் என் வாசலில் நின்றார்கள். "இன்னா சின்னதுரை, தண்ணியோட மீனுக்குத் தீனியும் சேத்து வுட்றியா?" என்று கங்கம்மா கேட்டாள். ஊராட்சித் தலைவர் அரசப்பன் என்னை டேங்க் அடிக்கே கூட்டிப்போய், தூணில் எழுதியிருந்த 'கழுவிய தேதி'யை விரலால் தடவிப் பார்த்தார்.

"பெயிண்டு புச்சா கீது. டேங்கக் கழுவுனியா, தேதிய மாத்துனியா?"

இரண்டில் ஒன்று செய்தேன் என்றேன்.

குடும்பத்து ஆள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன். நான் மேலே ஏறிப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒருநாள் இறங்கும்போது கால் வழுக்கி இரண்டு படி சறுக்கினேன். அடி எதுவும் படவில்லை. ஆனால் அன்றிலிருந்து பத்தாவது படிக்குமேல் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் அக்காவிடம்கூட. தேதியை மட்டும் மாதாமாதம் தவறாமல் மாற்றினேன். அதில் ஒருநாள் தாமதம் கிடையாது.

அன்று சாப்பிடும்போது ஷைனி கேட்டாள்: "நைனா, நீ ஏறுனியா இல்லியா? அத மட்டும் சொல்லு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"செரி. நாளைக்கி நானே ஏறி மேலேர்ந்து சாம்பிள் எட்த்துக்கறேன்."

அவள் செய்கிறவள். அது உங்கள் வீட்டுப் பிடிவாதம். ஆகவே காலையில் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, அவள் பல் தேய்ப்பதற்குள் நான் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். மேலே போன பிறகுதான், இறங்குவதும் இந்த வேலையில் சேர்ந்தது என்பது ஞாபகம் வந்தது. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் தொட்டியைக் கழுவினேன். பயம் போகவில்லை, இன்னொரு முறை கழுவினேன். மூன்றாம் முறை கழுவும்போது கீழே ஊர் கூடியிருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் செய்த தப்புகளை உங்கள் அக்கா வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அரசப்பன் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஷைனி யூனிஃபார்மோடு ஏணியடிக்கு வந்தாள். "நைனா, கீழ பாக்காத. செவுத்தப் பாரு. நா எண்றேன், நீ கால வையி. மொத்தம் நாப்பத்தாறு."

எண்ணினாள். பத்தொன்பதில் நான் நின்றுவிட்டேன். "பத்தொம்போது" என்றாள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் "பத்தொம்போது" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை, கங்கம்மா உட்பட. ஏழாவது பத்தொன்பதில் என் கால் நகர்ந்தது. தரையைத் தொட்டதும், தொட்டி நிறைய எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டாள், பாட்டில் பிடிக்க வேண்டுமாம். அன்று மாலை பிடித்ததில் புழு இல்லை. அதை அட்டையில் ஏற்றச் சொன்னேன். மூன்று முறை பார்த்தால்தான் சேரும் என்கிறாள்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: அட்டையில் நான்காம் வரியை அழித்துவிட வேண்டும். இனிமேல் ஆற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஷைனியை வரலாறு படிக்கச் சொல்ல வேண்டும். அதில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் இறந்துபோனவர்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை.

கர்த்தர் உங்களையும் உங்கள் பயிற்சியையும் ஆசீர்வதித்து, நல்லபடியாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாராக. அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
மாமா சின்னதுரை

பி.கு.: மச்சான், மேலே கேட்டது எதையும் செய்யாதே. தபாலில் சேர்க்கப் போகும் வழியில் அந்த அட்டையை இன்றுதான் என் கண்ணால் பார்த்தேன். இதுவரை ஊர் சொல்லித்தான் தெரியும். கால்வாய் கலக்கிற இடத்தில் பிடித்த தட்டில் தும்பிக் குஞ்சு ஒன்றுகூட இல்லை, சிவப்புப் புழு நாற்பத்தொன்று. எதிரே பொறுப்புக் கட்டம் காலி. ஷைனியிடம் கேட்டேன். "யாருன்னு கேட்டா ஒர்த்தரும் சொல்ல மாட்டேன்றாங்க நைனா" என்றாள். அந்த அட்டையில் பெயர் இருக்கிற ஒரே ஆள் நான்தான். அது அப்படியே இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது என்னையும் கூப்பிடு, பாட்டில்களை நான் தூக்கி வருகிறேன். அந்தக் கால்வாய் எங்கே ஆரம்பிக்கிறது என்று கரையோடு நடந்துபோய்ப் பார்த்துவிடலாம்.