மிச்சமும் மாமியார் சொட்டு மருந்தும்

அன்றைக்கு வண்டி ஸ்டாண்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன். பாஷா பாய். ஏழுமலை. டீக்கடை முனியம்மா அக்கா. நான். அப்புறம் மிச்சம். மிச்சத்தின் வலது கண் தக்காளி மாதிரி இருந்தது.

செஞ்சி தாலுகாவில் குப்பைத்தொட்டியே தேவைப்படாத ஒரே மனுஷன் மிச்சம். பெயர் வேறு. ரேஷன் கார்டில் இருக்கும். எங்களுக்குத் தெரியாது. திருவண்ணாமலை ரோட்டில் எங்களோடு குட்டியானை ஓட்டினான். சின்ன லோடு வண்டியை அப்படித்தான் சொல்வோம்.

கல்யாண மண்டபத்துக்குச் சாமான் இறக்கப் போனால், பந்தியில் பாதி குடித்து வைத்த தண்ணி பாட்டிலை எல்லாம் பொறுக்கி வருவான். ரேடியேட்டருக்கு. அவன் வண்டி பச்சைத் தண்ணி குடித்ததே இல்லை. எல்லாம் கல்யாணத் தண்ணிதான்.

பாய் டீ குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைக்க முடியாது.

"குடு பாய். அடியிலதான் சக்கரை இருக்குது."

ஒரு தடவை அவனுக்குப் பல் வலி. ஏழுமலைக்குக் காய்ச்சலில் மீந்த மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"டேய், அது காச்சலுக்குடா."

"காச்சலா பல்லான்னு மாத்திரைக்கு இன்னா தெரியும்? உள்ள போனா அதுவா தேடிக்கும்."

வலி போய்விட்டது. அன்றிலிருந்து ஊரில் யார் வீட்டில் மருந்து மீந்தாலும் அவன் வண்டி டேஷ்போர்டுக்கு வந்துவிடும்.

கண் சிவந்த அன்றைக்கும் அங்கே கையை விட்டான். ஒரு சொட்டு மருந்து பாட்டில் வந்தது. பொங்கலுக்கு மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அதில் மீந்தது. இப்போது ஐப்பசி.

"மாமியாருக்கே கண்ணு தெரியுது. எனக்குத் தெரியாதா?"

சீட்டில் சாய்ந்தான். பாட்டில் மூக்கு இமையில் உரச உரச விட்டான். ஒரு சொட்டு கண்ணில் விழுந்தது. நாலு சொட்டு கன்னத்தில். கன்னத்தில் வழிந்ததை விரலால் வழித்துக் கண்ணிலேயே தடவினான். வீணாக்கக் கூடாதாம்.

"என் பக்கம் பாக்காதடா. ஒட்டிக்கும்" என்றார் பாய். சொல்லிவிட்டு மிச்சத்தின் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

ரெண்டு நாளில் பாய் கண் சிவந்தது. அப்புறம் ஏழுமலை. மிச்சம் பெரிய மனசுக்காரன். "வா பாய், இன்னும் இருக்குது" என்று அதே பாட்டிலை ரெண்டு பேருக்கும் விட்டான். நான் தப்பித்தேன். யாரிடமும் எதுவும் வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஒரு நாள் அவலூர்பேட்டையில் இருந்து லோடோடு வந்த மிச்சம், வண்டியை விட்டு இறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, எதிர்ல வர்ற பஸ்ஸு பொக மாதிரி தெரியுது."

அவனுக்கு வேறு தொழில் தெரியாது. கண் போனால் ஸ்டியரிங்கும் போச்சு. சாவியை வாங்கிக்கொண்டு மூன்று பேரையும் கண் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்தார். மிச்சம் பெருமையாகப் பாட்டிலை நீட்டினான்.

"இது யாருக்குக் குடுத்தது?"

"மாமியாருக்கு மேடம். பாதி மீந்துச்சு."

"இது ஆபரேஷன் பண்ண கண்ணுக்கு. ஸ்டீராய்டு கலந்தது. கிருமி இருக்கிற கண்ணுல விட்டா கிருமிக்குச் சோறு போட்ட மாதிரி. தொறந்து ஒரு மாசத்துக்கு மேல எதையும் விடவும் கூடாது. கருவிழி ஓரம் மங்க ஆரம்பிச்சிருக்கு. புண்ணாச்சுன்னா பார்வை போயிடும். நான் சொல்ற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க."

மிச்சம் நீட்டிய பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆளுக்கொரு பாட்டில் எழுதிக் கொடுத்தார்.

"கைய சோப்பு போட்டுக் கழுவுங்க. கீழ் இமைய இழுத்துப் பிடிச்சு ஒரு சொட்டு. பாட்டில் முனை எதுலயும் படக் கூடாது. கண்ண மூடி மூக்கோரமா ஒரு நிமிஷம் அழுத்துங்க. சிவப்பு போனாலும் ஏழு நாளும் விடணும். மீந்தா தூக்கிப் போட்டுடணும்."

"பாத்தா ஒட்டுமா மேடம்?" என்றார் பாய்.

"பாத்தா ஒட்டாது. கை, துண்டு, பாட்டில். இதுலதான் ஒட்டும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் மிச்சத்தின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தேன்.

மிச்சம் காதில் ஒன்றுதான் விழுந்திருந்தது.

"தூக்கிப் போடணுமா? அப்ப சின்ன பாட்டிலா குடுங்களேன் மேடம்."

"இதுதாங்க சின்னது."

அந்த வாரம் அவன் லோடு எல்லாம் நான் அடித்தேன். அனந்தபுரம், அவலூர்பேட்டை. என் வண்டி ஸ்டாண்டில் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து, கிளட்ச் எப்படி மிதிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தான். அவன் ஓட்டக் கற்பதற்கு முன்பிருந்தே நான் ஓட்டுகிறவன்.

நாலாம் நாள் சிவப்பு போனது. பாட்டிலை மூடி டேஷ்போர்டில் போட்டான்.

"சரியா பூடுச்சு மாமா. மீதி இருக்கட்டும்."

"ஏழு நாள்" என்றேன்.

"எதுக்கு வீணா?"

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா, உன் கண்ணுல விட்டா வீணு, வண்டியில கெடந்து கெட்டுப்போனா லாபமா?"

யோசித்தான். கையைக் கழுவிவிட்டு வந்து விட்டுக்கொண்டான்.

ஏழு நாள் முடிந்தது. பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தான். இன்னும் இருந்தது. நேராக டீக்கடைக்குப் போனான்.

"அக்கா, கண்ணு அரிக்குதா?"

"இல்லியே."

"நல்லா பாருக்கா. லேசா அரிக்கும்."

அக்கா கரண்டியை எடுத்தது.

பாட்டிலை நான் பிடுங்கினேன். மாமியார் பாட்டிலையும் எடுத்தேன். ரெண்டையும் நசுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மிச்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். துக்க வீட்டு முகம். பாய் அவன் தோளில் கை போட்டுக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

மறுநாள்தான் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். எனக்கு அதுவரை இருப்புக் கொள்ளவில்லை. அவனைக் கேட்டால் தெரியுது என்றுதான் சொல்வான். எந்த டிரைவரும் அப்படித்தான் சொல்வான். அவனை ஏற்றிக்கொண்டு ராணிக்கோட்டை மலை அடிவாரத்துக்கு வண்டியை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை. மலையில் ஆட்கள் ஏறிக்கொண்டு இருந்தார்கள்.

"எடது கண்ண மூடு. படியில எத்தினி பேரு, எண்ணு."

நான் முதலிலேயே எண்ணி வைத்துக்கொண்டேன். எட்டு.

கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றான். உதடு அசைந்தது. ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது.

"ஒம்போது" என்றான்.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் மலையைப் பார்த்தேன்.

"தோ மாமா. அந்த ஆளு தோள் மேல ஒரு கொழந்த. மஞ்ச சட்ட. நீ உட்டுட்டியா?"

மறுபடி எண்ணினேன்.

ஒன்பது.